மூடுபனிக்குள் ஒரு துப்பாக்கி

‘இன்சோம்னியா’ படத்தில் ஒரு மூடுபனிக் காட்சி வரும். ஹொலிவூட் ‘இன்சோம்னியா’ இல்லை, அதுக்கு முன்னாடி 1997-இல் வந்த நொர்வேப் படம். எரிக் ஷோல்ட்பியார்க் இயக்கியது. வடதுருவத்துக்குப் பக்கத்தில் உள்ள ட்ரொம்ஸோ என்ற ஊரில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கொல்லப்படுகிறாள். விசாரிக்க வெளியூரிலிருந்து யோனாஸ் எங்ஸ்ட்ரோம் என்ற துப்பறிவாளர் வருகிறார். சுவீடன்காரர், கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். கடலோரத்தில் ஒரு குடிசைக்குப் பக்கத்தில் கொலையாளிக்குப் பொறி வைக்கிறார்கள். பொறி பிழைத்துவிடுகிறது. கொலையாளி பனிமூட்டத்துக்குள் ஓட, எங்ஸ்ட்ரோம் பின்னால் ஓடுகிறார். எதிரில் ஓர் உருவம். சுடுகிறார். விழுந்தது கொலையாளி இல்லை, கூட வந்த சக பொலிஸ்காரர்.

அந்த நிமிஷத்தில் அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். “நான்தான் சுட்டேன், தவறிப் போச்சு” என்று சொல்லியிருக்கலாம். சொல்வதில்லை. கொலையாளி சுட்டான் என்கிறார். அப்புறம் அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற இன்னொன்று. சாட்சியத்தை மாற்றுவதற்கு வேறு துப்பாக்கியின் தோட்டா ஒன்று தேவைப்படுகிறது; அதற்காகத் தெருநாய் ஒன்றைச் சுட்டு, அதன் உடம்பிலிருந்து தோட்டாவை எடுக்கிறார். அங்கே அது நள்ளிரவிலும் சூரியன் மறையாத காலம். திரைச்சீலை வழியாக வெளிச்சம் வந்துகொண்டே இருக்கிறது, அவருக்கு நித்திரை வரவில்லை. ‘இருண்ட’ குற்றக்கதை என்று பெயர் வாங்கிய வகைமையில் இந்தப் படத்தில் இருட்டே கிடையாது.

எங்களில் பாதிப் பேர் முதலில் பார்த்தது 2002-இல் கிறிஸ்டோபர் நோலன் அலாஸ்காவுக்கு மாற்றி எடுத்த படத்தைத்தான். அல் பசீனோ நடித்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் பிடிபடும். நோலன் படத்தில் துப்பறிவாளர் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறார். தனக்காக ஆதாரத்தை வீசப்போகும் இளம் பெண் அதிகாரியையும் தடுக்கிறார். சினிமா நீதி கிடைத்துவிட்டது, நாம் வீட்டுக்குப் போகலாம். நொர்வேப் படத்தில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. ஹில்டே என்ற பெண் அதிகாரி அந்தப் பாறைகளுக்கு மறுபடியும் போய்த் தேடி, எங்ஸ்ட்ரோமின் துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக் கோதைக் கண்டெடுக்கிறார். அதை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான். அவர் காரில் ஏறி ஊர் திரும்புகிறார். வழக்கு முடிந்தது. திறமையான அதிகாரி, ஒரு கொலையாளி ஒழிந்தான், எல்லாருக்கும் நன்றி.

எங்களுக்கு அந்தக் கோது மனசிலிருந்து போகவில்லை. வெலிமடையில் இருந்துகொண்டு இந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு மூடுபனி புதுசில்லை. பொலிஸ் துப்பாக்கியும் புதுசில்லை. புதுசாக இருந்தது அந்த அதிகாரிக்கு நித்திரை வராமல் போவதுதான்.

இந்த வகைக் கதைகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் எங்ஸ்ட்ரோம் இன்னும் நன்றாக விளங்குவார். சுவீடனில் மாய் ஷோவால், பேர் வாலூ என்று ஒரு ஜோடி. இருவரும் பத்திரிகைக்காரர்கள், இடதுசாரிகள். 1965 முதல் 1975 வரை பத்தே பத்து நாவல்கள் சேர்ந்து எழுதினார்கள். எல்லாவற்றிலும் மார்ட்டின் பெக் என்ற பொலிஸ்காரரும் அவருடைய கூட்டமும்தான். பத்தையும் சேர்த்து ‘ஒரு குற்றத்தின் கதை’ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குற்றம் நாவலில் வரும் கொலை இல்லை. உலகமே மெச்சிய சுவீடன் நலன்புரி அரசு, தன் ஏழைகளையும் தொழிலாளர்களையும் கைவிட்டதைத்தான் அவர்கள் குற்றம் என்றார்கள். துப்பறியும் கதையை ஜனங்கள் விரும்பி வாசிப்பார்கள், அதுக்குள்ளே அரசியலைப் பொதிந்து கொடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு பிழைக்கவில்லை. பத்தாவது புத்தகம் வந்த 1975-லேயே வாலூ இறந்துவிட்டார். ஷோவால் 2020 வரை இருந்தார்.

அந்தப் பத்தில் 1971-இல் வந்த ஒன்று எங்களுக்கு முக்கியம். ஒரு மூத்த பொலிஸ் அதிகாரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் கொல்லப்படுகிறார். யார் கொன்றது என்று தேடப்போனால், கொல்லப்பட்டவர் எப்படிப்பட்டவர் என்ற கதை அவிழ்கிறது. ஆட்களை அடித்துத் துன்புறுத்தியவர். அவர்மேல் முறைப்பாடு எழுதியவர்கள் நிறையப் பேர். எல்லா முறைப்பாடும் கோப்புக்குள் போய்ச் செத்துக் கிடக்கின்றன. கொலையாளியும் ஒரு முன்னாள் பொலிஸ்காரர்தான். அவருடைய மனைவி நீரிழிவு நோயாளி. மயங்கிக் கிடந்தவரைக் குடிகாரி என்று நினைத்து பொலிஸ் கூண்டில் போட்டார்கள், அங்கேயே செத்துப்போனார். இதை போ விடர்பெரி 1976-இல் ‘கூரைமேல் மனிதன்’ என்று படமாகவும் எடுத்தார். இந்தக் கதையில் தனியாக ஒரு கெட்ட பொலிஸ்காரர் கிடையாது. ஒரு கெட்டவரும், அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்த நூறு நல்லவர்களும் இருக்கிறார்கள். நல்லவர்களின் பட்டியலில் மார்ட்டின் பெக்கும் உண்டு.

பிறகு ஹென்னிங் மான்கெல் வந்தார். அவருடைய வாலன்டர் நாவல் வரிசையில் முதலாவது 1991-இல் வந்தது. கிராமத்து வயோதிபத் தம்பதியை யாரோ கொடூரமாகக் கொல்கிறார்கள். சாகும் முன் அந்தக் கிழவி சொன்ன சொல் ‘வெளிநாட்டு’ என்பது மட்டும். அந்த ஒற்றைச் சொல் பொலிஸிலிருந்து வெளியே கசிகிறது. அகதிகள் இருந்த இடத்துக்குத் தீ வைக்கப்படுகிறது. சோமாலியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். இது மான்கெலின் கற்பனை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அதே 1991 ஓகஸ்டில் தொடங்கி அடுத்த ஜனவரிக்குள் ஒரே ஆள் ஸ்டொக்ஹோம், உப்சாலாப் பகுதிகளில் குடியேறிகள் 11 பேரைச் சுட்டான், ஒருவர் இறந்தார். அந்த நாவலிலேயே சின்னதாக ஓரிடம் வரும். வாலன்டர் குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறார், ரோந்தில் இருந்த சக பொலிஸார் மறிக்கிறார்கள். வழக்குப் போடாமல் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். வாசிக்கிற நாமும் “பாவம், பெண்டாட்டி விட்டுப் போன மனுஷன்” என்று மன்னித்துவிடுகிறோம். அங்கேதான் இந்த வகைமையின் தந்திரம் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். கறைபட்ட துப்பறிவாளரை நமக்குப் பிடித்துப்போகிறது. அவருடைய தனிமை, வயிற்றுப்புண், விவாகரத்து எல்லாம் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவர் மூடி மறைத்த விஷயம் தூரத்தில் போய்விடுகிறது.

தமிழ்ப் படங்களில் இந்தத் தந்திரம் இன்னும் பச்சையாக நடக்கும். பொலிஸ்காரர் மீசையை முறுக்கினால் சட்டம் தேவையில்லை. விதிவிலக்காக, சந்திரகுமாரின் ‘லாக்கப்’பை வைத்து வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’யைச் சொல்லலாம். அதில் சமுத்திரக்கனி நடித்த முத்துவேல்தான் தமிழில் வந்த நல்ல ‘நோர்டிக்’ பொலிஸ்காரர். மனசாட்சி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, துறை அதை மிச்சம் வைக்கவில்லை.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம்.

வெலிமடையிலிருந்து மிரஹாவத்தை வழியாக பண்டாரவளைக்கு பஸ்ஸில் சுமார் ஒரு மணித்தியாலம். பண்டாரவளையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் பிந்துனுவெவ. அங்கே ஒரு புனர்வாழ்வு முகாம் இருந்தது. முகாம் என்பது இந்த மலைகளுக்கு அந்நியமான சொல் இல்லை. 1900-இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து பிரிட்டிஷ்காரர்கள் அடைத்தது பக்கத்துத் தியத்தலாவையில்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்களையும் அங்கேதான் வைத்தார்கள். குளிர் ஊர், தூரத்து ஊர், தப்பிப் போக இடமில்லாத ஊர் என்று யாரோ வரைபடத்தில் குறித்து வைத்துவிட்டார்கள் போல.

பிந்துனுவெவ முகாமில் 2000 ஒக்டோபரில் இருந்தவர்கள் 41 பேர். எல்லாரும் தமிழ் இளைஞர்கள், பெரும்பாலும் வடக்கு கிழக்கைச் சேர்ந்தவர்கள். சிலர் புலிகள் இயக்கத்திலிருந்து வந்து சரணடைந்தவர்கள், சிலர் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டவர்கள். பதின்ம வயதுக்காரர்களும் இருந்தார்கள். எந்த நீதிமன்றமும் தண்டனை கொடுத்து அனுப்பிய ஆட்கள் இல்லை இவர்கள். தொழில் பழகி, வீட்டுக்குப் போகக் காத்திருந்தவர்கள்.

24-ஆம் திகதி மாலை அவர்களுக்கும் முகாம் அதிகாரிக்கும் தகராறு வந்தது. விடுதலை ஏன் தள்ளித் தள்ளிப் போகிறது என்பதுதான் அடிப்படை. பொலிஸைக் கூப்பிட்டார்கள். ஊருக்குள் வதந்தி பரவியது. முகாமை அகற்றச் சொல்லிச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. மறுநாள் 25-ஆம் திகதி காலையில் ஆயிரக்கணக்கான பேர் கத்தியும் பொல்லும் எடுத்துக்கொண்டு முகாமுக்குள் நுழைந்தார்கள். 27 பேர் கொல்லப்பட்டார்கள். வெட்டியும் அடித்தும் எரித்தும். 14 பேர் காயங்களோடு உயிர் தப்பினார்கள்.

அந்த இடத்தில் அப்போது சுமார் 60 பொலிஸார் இருந்தார்கள். கையில் துப்பாக்கி இருந்தது.

இதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறோம். அந்தப் படம் வந்த காலத்தில் நொர்வேயில் பொலிஸார் சாதாரணமாகத் துப்பாக்கியோடு திரிந்ததில்லை. எங்ஸ்ட்ரோம் சுவீடனிலிருந்து கொண்டுவந்த தன் துப்பாக்கியை இடுப்பில் வைத்திருந்ததால்தான் அந்தக் கதையே நடக்கிறது. அங்கே ஒருவர் சுட்டதுதான் குற்றம். பிந்துனுவெவயில் அறுபது பேர் சுடாமல் இருந்ததுதான் குற்றம். வானத்தை நோக்கி ஒழுங்காகச் சுட்டிருந்தாலே கூட்டம் கலைந்திருக்கும் என்று நினைப்பதற்கு ஒருவர் துப்பறிவாளராக இருக்க வேண்டியதில்லை. இன்னும் மோசமாக, ஓடித் தப்ப முயன்றவர்கள் மீதே பொலிஸ் சுட்டது என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு உடனே போய் விசாரித்து, அங்கே இருந்த பொலிஸார் தங்கள் கடமையிலிருந்து பாரதூரமாகத் தவறினார்கள் என்று எழுதியது. அரசாங்கமே அமைத்த ஆணைக்குழுதான், வெளியாள் யாரும் சொன்னதில்லை.

அந்த அறுபது பேரில் ஒருவருக்காவது அன்றிரவு நித்திரை வராமல் போயிருக்குமா? நாவல் எழுதுகிறவர்கள் இதற்குப் பதில் கண்டுபிடிக்கட்டும். எங்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி, ஊர் எப்படித் தூங்கியது என்பது.

மலையகம் தூங்கவில்லை. அந்த வாரமே அட்டன், தலவாக்கலைப் பக்கம் ஹர்த்தால், ஆர்ப்பாட்டம், மோதல், ஊரடங்கு. கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் வடக்கு கிழக்குப் பிள்ளைகள், தெருவில் இறங்கியது தோட்டத்துப் பிள்ளைகள். வடக்குத் தமிழர், மலையகத் தமிழர் என்ற பிரிவினை பற்றி நிறைய எழுதுகிறவர்கள் இந்த ஒரு வாரத்தையும் கொஞ்சம் எழுதினால் நல்லது. அதே நேரம் இன்னொரு பக்கத்தில் வேறொன்று நடந்தது. நவம்பர் 1-ஆம் திகதி நொர்வேயின் தூதர் எரிக் சொல்ஹைம் வன்னிக்குப் போய்ப் பிரபாகரனைச் சந்தித்தார். சமாதான முயற்சியின் தொடக்கம் அது. பிறகு 2002 யுத்தநிறுத்தத்தைக் கண்காணிக்க நொர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நோர்டிக் குற்றக்கதை என்று நாம் சொல்லும் அதே ஐந்து நாடுகள். கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, மீறல்களை எண்ணிவிட்டுப் போனார்கள்.

வழக்குக் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அதன் முடிவு சுருக்கமானது. 41 பேர் மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. பொலிஸாரும் ஊர்க்காரர்களும் அதில் அடக்கம். முகாமில் இருந்தவர்களும் 41 பேர், குற்றம் சாட்டப்பட்டவர்களும் 41 பேர் என்பது தற்செயல்தான், ஆனாலும் வாசிக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது. கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் விசாரித்தது. 23 பேர் சாட்சியம் இல்லை என்று இடையிலேயே விடுவிக்கப்பட்டார்கள். மிச்சம் 18. 2003 ஜூலை 1-ஆம் திகதி தீர்ப்பில் அவர்களில் 13 பேர் விடுதலை, 5 பேருக்கு மரண தண்டனை. ஐந்தில் இரண்டு பேர் பொலிஸார். இலங்கையில் 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கில் போட்டதில்லை, அதனால் மரண தண்டனை என்றால் நீண்ட சிறை என்றே அர்த்தம். அதுவும் நிலைக்கவில்லை. மேன்முறையீட்டில் 2005 மே 27-ஆம் திகதி உயர் நீதிமன்றம் மிஞ்சியிருந்தவர்களையும் விடுதலை செய்தது. 27 கொலை, குற்றவாளி என்று சட்டத்தின் கண்ணில் இன்று ஒருவரும் இல்லை.

நாங்கள் அந்தப் பொலிஸாரின் பெயர்களை இங்கே எழுதாததற்குக் காரணம் பயம் இல்லை. நீதிமன்றம் விடுவித்த ஆளை நாமே குற்றவாளி என்று எழுதினால், பட்டியல் முடிந்தது, கணக்குத் தீர்ந்தது என்ற மாதிரி ஆகிவிடும். அந்த அறுபது பேரைக் காலையில் அங்கே நிறுத்தியது யார், என்ன உத்தரவு கொடுத்தார்கள், அல்லது உத்தரவே கொடுக்காமல் யார் போனை வைத்துவிட்டுப் போனார்கள் என்பதற்கு இரண்டு பெயர்கள் பதில் ஆகாது.

அதற்குப் பதில் இருக்கக்கூடிய ஒரு காகிதக்கட்டு உண்டு. ஜனாதிபதி சந்திரிகா 2001-இல் நீதிபதி குலதிலக தலைமையில் ஒரு விசாரணை ஆணைக்குழு அமைத்தார். பிந்துனுவெவ பற்றியே விசாரித்த ஆணைக்குழு. விசாரித்தார்கள், அறிக்கையும் கையளித்தார்கள். அரசாங்கம் அதை வெளியிடவில்லை. இலங்கையின் விசாரணை ஆணைக்குழுக்கள் பற்றி 2009-இல் சர்வதேச மன்னிப்புச் சபை எழுதிய அறிக்கையின் தலைப்பே ‘இருபது வருடப் பாசாங்கு’ என்ற அர்த்தம் வருகிற மாதிரி இருக்கும்.

இங்கே சுவீடனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. அங்கேயும் பொலிஸ் ஒன்றும் புனிதர்கள் கூட்டம் இல்லை. 1986 பெப்ரவரி 28 இரவு பிரதமர் ஒலொஃப் பால்மே மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு, மெய்க்காவலர் இல்லாமல் ஸ்டொக்ஹோம் தெருவில் நடந்து வரும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். பொலிஸ் விசாரணை படுமோசம். முதலில் பொறுப்பாக இருந்த அதிகாரி குர்திஷ் அகதிகள் இயக்கம் ஒன்றின் பின்னால் ஓடிக் காலத்தை வீணாக்கினார். 34 வருஷம் இழுத்து 2020-இல் கோப்பை மூடினார்கள், நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட கொலையாளி இல்லாமலே. இன்று நாம் நெட்ஃபிளிக்ஸில் பார்க்கிற நோர்டிக் இருட்டில் பாதி அந்தத் தெருவிலிருந்து வந்தது. ஆனால் விசாரணை எங்கெங்கே பிழைத்தது என்று ஆராய்ந்த ஆணைக்குழுவின் பெரிய அறிக்கை 1999-இல் அச்சாகி வெளிவந்தது. யாரும் வாசிக்கலாம். கொலையாளி கிடைக்காவிட்டாலும் பொலிஸின் பிழை கிடைத்தது. ஷோவாலும் மான்கெலும் எழுதின மாதிரி அங்கே எழுத முடிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். நாவலாசிரியருக்குத் தேவைப்படும் கோப்பு நூலகத்தில் இருக்கிறது.

எங்கள் கோப்பு 2000-இல் தொடங்கவும் இல்லை. பெரியவர்களிடம் கேட்டால் 83-ஐச் சொல்வார்கள். கொழும்பு எரிந்து மூன்று நாள் வரை பதுளை அமைதியாக இருந்தது. ஜூலை 27 காலையில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு தமிழரின் மோட்டார் சைக்கிளைக் கொளுத்தினார்கள். மத்தியானத்துக்குள் பஜார் எரிந்தது. அப்புறம் பறித்தெடுத்த வேன்களிலும் பஸ்களிலும் ஏறி ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை என்று வந்தார்கள். இருட்டுவதற்குள் லுணுகலை. பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகப் போன கும்பலை வழியில் மறிக்க ஒரு பொலிஸ் தடுப்பு போதும். எங்கள் வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது “பொலிஸ்” என்ற சொல் வராமலே கதை முடியும். ரொம்ப காலம் அதை நாங்கள் கவனிக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் முல்லோயா. ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டம். 1940 ஜனவரி 10-ஆம் திகதி கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மேல் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகி என்று அவரைச் சொல்கிறோம். அப்போதும் ஒரு விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காக சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜராகி, தோட்டத் துரைமாரும் பொலிஸும் எப்படிக் கைகோத்து நின்றார்கள் என்பதைக் குறுக்கு விசாரணையில் வெளியே இழுத்துப் போட்டார். அந்த ஒரு தோட்டத்துச் சூட்டினால் நாட்டின் அமைச்சரவையே ஆட்டம் கண்டது. உள்துறை அமைச்சர் டி. பி. ஜயதிலகவின் சொல்லுக்கு பொலிஸ் மா அதிபர் பேங்க்ஸ் கட்டுப்பட வேண்டுமா இல்லையா என்று தகராறு வந்து, ஆளுநர் பேங்க்ஸின் பக்கம் நிற்க, அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். துரையின் பொலிஸா, மக்களின் பொலிஸா என்ற கேள்வி அன்றைக்கு அரசாங்க மட்டத்தில் கேட்கப்பட்டது. கோவிந்தனுக்காகக் கேட்கப்பட்டது என்று ஏமாற வேண்டாம், அமைச்சர்கள் தங்கள் அதிகாரத்துக்காகத்தான் கேட்டார்கள். இருந்தாலும் கேட்டார்கள்.

அதே வருஷம் ஊவாவிலும் நெருப்பு பற்றியது. பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு சபை அமைத்தார்கள். அந்தச் சபையைக் கலந்துதான் எதுவும் செய்வேன் என்று துரை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர்கள் துப்பாக்கிகளைப் பறித்துக்கொண்டார்கள். எங்கள் தாத்தாமார் இதைச் செய்தார்கள் என்று எங்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை. பிறகு பெருமழை, வெள்ளம். ஊவா ஒரு வாரத்துக்கு மேல் வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அந்த நேரத்தில் பொலிஸ் புகுந்து அடித்து நொறுக்கி எல்லாவற்றையும் அடக்கியது. ரோட்டு இல்லை, செய்தி இல்லை, பார்க்க ஆள் இல்லை. மூடுபனியைவிட நல்ல மறைப்பு.

சிவனு லெட்சுமணனையும் விட்டுவிட முடியாது. 1977 மே 11, டெவன் தோட்டம். தேயிலை நிலத்தைப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று எதிர்த்து நின்ற தொழிலாளர்கள்மேல் சுட்டபோது இறந்தவர். அவர் பெயரை வருஷா வருஷம் மேடையில் சொல்கிறார்கள். சுட்டவர் யார், அவருக்கு என்ன ஆனது என்று எந்த மேடையிலும் கேட்டதில்லை.

எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. எங்களில் ஒருத்தி கேட்டாள்: “பிந்துனுவெவயை ஒரு த்ரில்லரா எழுதினா நீங்க யாரைக் கதாநாயகனா வைப்பீங்க?” அறுபது பேரில் ஒருவரை, இருபத்திரண்டு வயசுக் கான்ஸ்டபிளை, வீட்டுக்குப் போய் நித்திரை வராமல் தவிக்கிறவரை வைக்கலாம் என்றோம். நல்ல நோர்டிக் நாவல் வரும். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. உயிர் தப்பிய பதினான்கு பேரில் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறி, சாட்சி சொல்லிவிட்டு இறங்கி, இரண்டு வருஷம் கழித்து எல்லாரும் விடுதலை என்று பேப்பரில் வாசிக்கிற காலையிலிருந்து தொடங்க வேண்டும் என்றாள். அதில் துப்பறிவாளரே இல்லையே என்றோம். “பிந்துனுவெவயில மட்டும் இருந்தாங்களா?” என்றாள்.

இன்னொருவன் ஹில்டேயைப் பற்றிச் சொன்னான். அவள் கெட்டிக்காரி என்பதால் கோதைக் கண்டுபிடிக்கவில்லை. சம்பவம் நடந்த இடத்துக்கு இன்னொரு தடவை போனதால்தான் கிடைத்தது, மற்றவர்கள் எல்லாரும் அறிக்கையில் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள், அவள் கையெழுத்தைத் தள்ளிப்போட்டாள், அவ்வளவுதான் அவள் செய்தது என்றான். அதுக்குப் பிறகு அவள் அதை மேசையில் வைத்துவிட்டு ஏன் பேசாமல் போனாள் என்பதில் எங்களுக்குள் மூன்று கருத்து.

ஒக்டோபர் 25 வருகிறது. அன்றைக்கு ‘கூரைமேல் மனிதன்’ படத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். சப்டைட்டில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஒருவர் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். படத்துக்கு முன்னால், குலதிலக ஆணைக்குழு அறிக்கையை வெளியிடச் சொல்லி ஒரு கடிதம் வாசித்துக் கையெழுத்து வாங்குகிறோம். வருகிறவர்கள் ஐந்து மணிக்கே வந்தால் நல்லது, கடைசி பஸ் ஏழு மணிக்கு.